பசுமைக்குடில் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க்கை அடுத்த லெனேஷியாவில் இருக்கும் தம்பி ஒருவர், "அண்ணா, பசுமைக்குடில் விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா?" என்று கேட்டிருந்தார். என்னிடம் இருப்பதும் அதே ரகம்தான்: அலுமினியச் சட்டம், 6 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடு. நீள அகலமெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் வாய் திறக்காத ஒன்று கூரையில் இருக்கும் காற்றுக்கதவு. அதைச் சரிசெய்து மாட்டிய தோள்வலி இன்னும் போகவில்லை. எழுத்தில் காரம் கூடினால் பொறுத்துக்கொள்ளவும்.

கடலோர டர்பனில் கொல்லைக்குக் கொல்லை மரமாக நிற்கும் கறிவேப்பிலை, 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஜோஹன்னஸ்பர்க்கில் ஜூன், ஜூலை உறைபனி பட்டால் கருகிப்போகும். அதனால்தான் குடில். ஆனால் உள்ளே போன செடியை அதிகம் வாட்டுவது குளிர் இல்லை, பகல் வெயில். நம் குளிர்காலத்தில் மழையும் இல்லை, மேகமும் இல்லை. வெளியே 18 டிகிரிதான் இருக்கும். அடைத்த குடிலுக்குள் நண்பகலில் 35ஐத் தாண்டிவிடும். வெயில் மண்ணையும் தொட்டியையும் சுட, அவை காற்றைச் சுட, மேலே ஏறிய காற்று வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. கண்ணாடி வெப்பக்கதிரைப் பிடித்துவைப்பதால் வரும் சூடு என்றுதான் பள்ளியில் படித்தோம். 1909இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், இன்னொன்றை வெப்பக்கதிரைத் தடுக்காத பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். கண்ணாடி வழியாக வந்த வெயிலையே இரண்டுக்கும் காட்டியபோது, ஒரு டிகிரி வித்தியாசம்கூடத் தேறவில்லை. ஆக, காற்றை அடைப்பதில்தான் சூட்சுமம். சூடு இறங்க வேண்டுமென்றால் கூரை திறக்க வேண்டும்.

அதைத் திறப்பது ஒரு மெழுகுக் குழாய். எனக்கு இந்தக் குடிலில் பிடித்ததே அதுதான். வெயில் ஏறினால் உள்ளிருக்கும் மெழுகு உருகிப் பருத்துத் தண்டைத் தள்ளும், கதவு எழும். ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் இழுத்து மூடும். எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் என்பதைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். மின்சாரமே வேண்டாம். 2023இல் லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது, மின்விசிறி வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். என் கதவு பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

இனி வயிற்றெரிச்சல். மெழுகுக்கு அவசரமே கிடையாது. கோடைப் பிற்பகலில் கதவு முழுசாகத் திறந்திருக்கும்போதுதான் ஹைவெல்டின் (நம் ஊர் இருக்கும் மேட்டுநிலத்தின்) இடிமழை வரும். கருமேகம் திரண்டு, காற்று சுழற்றி, ஆலங்கட்டி கொட்டித் தீர்த்த பிறகும் மெழுகு ஆறிக்கொண்டே இருக்கும். அதற்குள் காற்று கதவைப் பாய்மரம் மாதிரி பிடித்துப் பின்னால் மடக்கிவிட்டது. கீல் பிய்ந்தது, தண்டு வளைந்தது. விற்றவர்களிடம் கேட்டால், "மழைக்கு முன்னால் மூடி வைத்திருக்க வேண்டும்" என்றார்கள். தானாக மூடும் என்று பெட்டியில் அச்சடித்தது யாராம்? மூன்று மணிக்கு நான் ஆபீஸில் இருப்பேனா, கூரையில் இருப்பேனா?

நியாயமாகச் சொல்லவேண்டும்: தகடுகள் ஆலங்கட்டிக்கு அசையவில்லை. பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடி போனது, என் கூரையில் சின்னச் சின்னப் பள்ளம் மட்டும்தான். இரவுக்குளிருக்கும் வழி உண்டு. தகடு மட்டும் இருந்தால் விடியற்காலையில் உள்ளேயும் வெளியேயும் பெரிய வித்தியாசம் இருக்காது. 200 லிட்டர் ட்ரம்முக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பி வடக்கு வெயில் விழும் இடத்தில் வையுங்கள். அந்தத் தண்ணீர் 10 டிகிரி இறங்கினால் இரண்டேகால் யூனிட் மின்சாரத்துக்கு ஈடான சூட்டை விடும். வடக்கு என்றுதான் சொன்னேன். யூடியூபில் தெற்கு என்பவர்கள் பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள்.

கறிவேப்பிலை தளதளவென்று நிற்கிறது, வெற்றிலைக் கொடி கூரையைத் தொடுகிறது. ஆனாலும் தம்பி, வாங்காதீர்கள். இந்தக் கீலுக்கு அந்த விலையும் அதிகம். கேட்கமாட்டேன் என்றால், காற்றுக்கதவுக்கு ஒரு சங்கிலி மாட்டி, ஒரு சாணுக்கு மேல் திறக்காதபடி கட்டிவிட்டு வேலைக்குப் போங்கள். மெழுகு தொடர்ந்து தள்ளித் தண்டை முறிக்காமல் இருக்க, சங்கிலியின் நடுவில் ஒரு ஸ்பிரிங் இருக்கட்டும். இடிமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே செய்துவிடுங்கள்.