ஊட்டி குளிர்ல மவுஸ் சைட்டோகைன் எலைசா: டியோசெட் வாங்கலாமா?

சுண்டெலியோட டிஎன்எஃப் ஆல்ஃபா, ஐஎல்-6ங்கிற ரெண்டு சைட்டோகைனையும் (செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சிக்னல் அனுப்ப விடுற புரதம்) எலைசால, அதாவது ஆன்டிபாடில புடிச்சு நிறத்த வச்சு அளக்குற டெஸ்ட்ல பாக்க, ஆர் அண்ட் டி சிஸ்டம்ஸ் கம்பெனியோட டியோசெட் கிட் வாங்கலாமான்னு கேட்டா தாராளமா வாங்கலாம், ஆனா ஊட்டி மாதிரி ஊர்ல இன்குபேட்டர் இல்லாம வாங்காதீங்க. என் ரிவ்யூ இவ்ளோதான், மிச்சத்த பொறுமை இருந்தா படிங்க.

பெட்டிய தொறந்தா சின்னச் சின்ன குப்பிதான் இருக்கும். சைட்டோகைன புடிக்கிற கேப்சர் ஆன்டிபாடி, புடிச்சத காட்டுற பயோட்டின் ஒட்டுன டிடெக்‌ஷன் ஆன்டிபாடி, ஸ்டாண்டர்ட் (அளவு தெரிஞ்ச சைட்டோகைன்), அந்த பயோட்டின்ல ஒட்டிக்கிற ஸ்ட்ரெப்டாவிடின் ஹெச்ஆர்பி (நிறம் வர வைக்கிற என்சைம்). பிளேட்டு, வாஷ் பஃபர், பிளாக் பண்ற புரதமான பிஎஸ்ஏ, ஹெச்ஆர்பி பட்டா நீலமாகுற டிஎம்பி, ஸ்டாப் பண்ற ஆசிட் எல்லாம் நாமதான் தனியா வாங்கணும், மொத தடவை பாக்குறவங்க என்னடா இதுக்கா இவ்ளோ காசும்பாங்க. ப்ரீகோட்டட் கிட்ல (ஆன்டிபாடி ஏற்கனவே பூசுன பிளேட்டோட வர்றது) எல்லாமே ரெடியா வந்துரும், ஒரே நாள்ல ரிசல்ட். இதுல மொத நாள் சாயந்திரமே பிளேட்ல கேப்சர் ஆன்டிபாடி கோட்டிங் போட்டு ராத்திரி முழுக்க விட்டு, காலைல பிளாக் பண்ணி (மிச்ச எடத்துல வேற எதுவும் ஒட்டாம மூடி), சாம்பிள் 2 மணி நேரம், டிடெக்‌ஷன் 2 மணி நேரம், ஹெச்ஆர்பி 20 நிமிஷம், டிஎம்பி 20 நிமிஷம், நடுவுல வாஷ் வேற. வீட்டுக்கு போறப்ப இருட்டிடும். ஆனா பிளேட் கணக்கு போட்டு பாத்தா நல்லாவே கம்மியா வருது, ஸ்டூடண்ட்ஸ் நெறைய இருக்க லேபுக்கு இதான் கட்டுப்படியாகும்.

இப்ப குளிர் விஷயம். ப்ரோட்டோகால்ல எல்லா ஸ்டெப்பும் ரூம் டெம்பரேச்சர்னு போட்டிருக்கும், எழுதுனவர் டிசம்பர்ல ஊட்டி பக்கம் வந்ததில்ல போல. ஹீட்டர் இல்லாத ரூம்ல ஆன்டிபாடி ஒட்டுறதும் மெதுவாகுது, ஹெச்ஆர்பி வேலை செய்யறதும் மெதுவாகுது, 20 நிமிஷத்துல பளிச்சுனு நீலம் வரவேண்டிய டிஎம்பி வெளிறிப்போய் நிக்கும். ஸ்டாண்டர்டும் அதே குளிர்லதான ஓடுது அதனால பரவால்லன்னு ஒருத்தர் சொன்னார், அது பாதிதான் சரி, ஸ்டாண்டர்ட வச்சு போடுற கர்வ் மொத்தமா கீழ எறங்கிடுச்சுன்னா கம்மியா இருக்க சாம்பிள் எல்லாம் பிளாங்க்கோட (ஒண்ணும் போடாத வெல்லோட) கலந்து போயிடும், அப்புறம் ரீடர்ல 450 நானோமீட்டர்ல என்ன படிச்சு என்ன பிரயோஜனம். 25 டிகிரில இன்குபேட்டர் வச்சு, பஃபர் டிஎம்பி எல்லாத்தையும் முன்னாடியே அதுக்குள்ள வச்சிருங்க, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து மேசை மேல வச்சா அது சூடாகவே ஆகாது. பிளேட்ட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, ஓரத்து வெல் (குழி) மட்டும் சீக்கிரம் சூடாகி ரீடிங் ஏறிடும். இதெல்லாம் செஞ்சப்புறம் கர்வ் அழகா வருது, டூப்ளிகேட்டும் (ஒரே சாம்பிள் போட்ட ரெண்டு வெல்லும்) ஒட்டி நிக்குது.

சீரம் ஓட்டுறவங்க இன்னொண்ணு கவனிங்க. டியோசெட் செல் கல்ச்சர் சூப்பர்நேட்டன்டுக்கு (செல் வளர்ந்த திரவம்) சும்மா எடுத்து ஓட்டலாம், சீரத்துக்கு டைலூவென்ட் (சாம்பிள கலக்குற திரவம்) ஒத்துவருதான்னு நாமதான் ஸ்பைக் போட்டு, அதாவது தெரிஞ்ச அளவு ஸ்டாண்டர்ட சேர்த்து சரியா திரும்ப வருதான்னு பாக்கணும். வெல்லுக்கு 100 மைக்ரோலிட்டர், டூப்ளிகேட்னா 200, ஒரு சுண்டெலி உடம்புல இருக்க மொத்த ரத்தமே சுமார் ரெண்டு மில்லிதான், எத்திக்ஸ் கமிட்டி குடுத்த எண்ணிக்கைக்கு மேல இன்னொரு எலியும் கெடைக்காது. அதனால டைலூஷன முன்னாடியே முடிவு பண்ணுங்க. எல்பிஎஸ் (அழற்சிய தூண்டுற பாக்டீரியா பொருள்) போட்ட எலில டிஎன்எஃப் ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல உச்சத்துக்கு போய் எறங்கிடும், ஐஎல்-6 அதுக்கப்புறம்தான் ஏறும். ஒரே டைம் பாயிண்ட்ல ரெண்டையும் எதிர்பாத்துட்டு கிட் மேல பழி போடாதீங்க. ஒண்ணும் குடுக்காத கன்ட்ரோல் எலில டிஎன்எஃப் பெரும்பாலும் தெரியவே தெரியாது, அது நார்மல்தான்.

நாலஞ்சு சைட்டோகைனுக்கு மேல வேணும்னா பீட் (குட்டி மணி) வச்சு ஒரே சாம்பிள்ல எல்லாத்தையும் சேர்த்து அளக்குற மல்டிபிளெக்ஸ்தான் புத்திசாலித்தனம், 25, 50 மைக்ரோலிட்டர்லயே எல்லாம் வந்துரும், ஆனா மெஷின் இருக்க எடத்துக்கு ட்ரை ஐஸ்ல அனுப்பணும், செலவு கையக் கடிக்கும்.

டெலிவரிக்கு மட்டும் மார்க் கொறைக்கிறேன், அது கம்பெனி தப்பு இல்ல, எங்க டிஸ்ட்ரிபியூட்டர் (பேரு வேணாம்) வெள்ளிக்கிழமை அனுப்பி ஞாயித்துக்கிழமை முழுக்க பெட்டி மலைக்கு கீழயே கெடந்துச்சு, வந்தப்ப ஐஸ் பேக் தண்ணியா இருந்துச்சு. வாரத்தோட ஆரம்பத்துல கெளம்புற மாதிரி ஆர்டர் போடுங்க. மழைக்காலத்துல மண்சரிவுல குன்னூர் ரோடு அடைச்சிட்டா ஒண்ணும் பண்ண முடியாது, நாங்க இப்பெல்லாம் மலையடிவாரத்துல இருக்க மேட்டுப்பாளையத்துக்கே ஆள் அனுப்பி பெட்டிய வாங்கிக்கிறோம்.