வைரஸ் போன பிறகு நெட் வரவில்லையா? ஃபார்மட்டுக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

என் அத்தை மகன் டி.டி.பி. கடை வைத்திருக்கிறான். முகூர்த்த மாதம், பத்திரிகை வேலை குவிந்து கிடந்த நேரம். ஏதோ ஓர் இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு மால்வேர் (வைரஸ் போன்ற கெடுக்கும் நிரல்) ஒன்று அவன் கணினியில் ஏறிவிட்டது. ஆன்டிவைரஸ் ஓட்டினான், எல்லாவற்றையும் நீக்கிவிட்டதாகக் காட்டியது. அப்புறம் பார்த்தால் நெட் இல்லை. வைஃபை கனெக்ட் ஆகிறது, ஒரு தளமும் திறக்கவில்லை. பக்கத்து சர்வீஸ் கடையில் கணினியை ஆன் செய்துகூடப் பார்க்காமல், "ஃபார்மட் அடிச்சு புது விண்டோஸ் போட்டுரலாம் தம்பி" என்றார்களாம்.

நல்லவேளையாக அதற்கு முன் எனக்குப் போன் செய்தான். செட்டிங்ஸில் ப்ராக்ஸி (நெட்டுக்கு நடுவில் நிற்கும் இடைத்தரகர்) என்ற இடத்தைத் திறக்கச் சொன்னேன். அங்கே 127.0.0.1 என்ற முகவரி கிடந்தது; அது அந்தக் கணினியையே குறிக்கும். அதை அணைத்ததும் நெட் வந்துவிட்டது. ஃபார்மட் அடித்திருந்தால் பல வருஷமாகச் சேர்த்த பாமினி, வானவில் எழுத்துருக்கள், தட்டச்சு மென்பொருள், பிரின்டர் அமைப்புகள் எல்லாவற்றையும் முகூர்த்த மாதத்தில் முதலிலிருந்து போட்டிருக்க வேண்டும்.

ஃபார்மட் தப்பு என்று சொல்ல வரவில்லை. சில மால்வேருக்கு அதுதான் மருந்து. ஆனால் நெட் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செய்யக் கூடாது. அதற்கு முன்னால் கையால் சரிசெய்வது, நெட்வொர்க் ரீசெட், சிஸ்டம் ரீஸ்டோர், ரிப்பேர் இன்ஸ்டால் என்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று சரிசெய்யும் எல்லாவற்றையும் இன்னொன்று சரிசெய்யாது.

மால்வேரை நீக்கிய பிறகு நெட் ஏன் போகிறது? பல மால்வேர்கள் நமக்கும் இணையத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் கேட்கும் பக்கம் அதன் வழியாகத்தான் போய்வரும். ஆன்டிவைரஸ் அந்த நிரலை அழித்துவிடும். ஆனால் 'இந்த வழியாகப் போ' என்று விண்டோஸில் எழுதி வைத்த குறிப்பைப் பல நேரம் விட்டுவிடும். ஆளில்லாத வாசலில் போய் நின்று பிரவுசர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதற்குப் பெரிய உதாரணம் டி.என்.எஸ்.சேஞ்சர் என்ற மால்வேர். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவதுதான் டி.என்.எஸ். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. விசாரணையில், எஸ்டோனியாவிலிருந்து இதை நடத்திய கும்பல் பிடிபட்டது. 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளின் டி.என்.எஸ். முகவரிகளை அவர்கள் தங்கள் சர்வர்களுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அந்த சர்வர்களைச் சட்டென்று நிறுத்தினால் அத்தனை பேருக்கும் நெட் போய்விடும். அதனால் நீதிமன்ற உத்தரவின் பேரில் அதே முகவரிகளில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். அதற்குள் அமைப்பை மாற்றாதவர்களுக்குத் தளங்களின் பெயர்கள் வேலை செய்யாமல் போயின. கும்பல் பிடிபட்டு எட்டு மாதம் ஆன பிறகும், கணினியில் அவர்கள் எழுதிவிட்டுப் போன ஒரு முகவரி நெட்டை நிறுத்தியது.

இப்படிப்பட்ட மிச்சங்களுக்குக் கையால் பார்ப்பதே சிறந்த வழி. பழகியவருக்கு அரை மணி நேரம் போதும், ஒரு ஃபைலும் போகாது. முதலில் அதே வைஃபையில் போனில் நெட் வருகிறதா என்று பாருங்கள். போனிலும் வரவில்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ லைனிலோ இருக்கலாம். டி.என்.எஸ்.சேஞ்சரே பாஸ்வேர்டு மாற்றாத ரவுட்டர்களின் அமைப்பையும் மாற்றியது. போனில் வருகிறது என்றால் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் அடியுங்கள் (ping 8.8.8.8 என்று தட்டினால் பதில் வருகிறதா என்று காட்டும்). எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயருக்கு வரவில்லை என்றால் டி.என்.எஸ். கெட்டிருக்கிறது, அடாப்டர் அமைப்பில் அதைத் தானாகப் பெறும்படி மாற்றினால் போதும். இரண்டுக்கும் பதில் வருகிறது, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால் ப்ராக்ஸியைப் பாருங்கள். ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்க மறுத்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈ.டி.சி. (etc) என்று போய், தளப் பெயர்களை வேறு முகவரிக்குத் திருப்பக்கூடிய ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து, நீங்கள் எழுதாத வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எதற்குமே பதில் இல்லை என்றால் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' (netsh winsock reset) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எக்ஸ்பி காலத்தில் விளம்பர மால்வேர்கள், நிரல்கள் நெட்டைப் பயன்படுத்த உதவும் வின்சாக் சங்கிலிக்குள் ஒரு கண்ணியாக நுழைந்துகொள்ளும். அந்தக் கண்ணியை அழித்தால் சங்கிலியே அறுந்து நெட் முழுக்க நின்றுவிடும். 2004இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது இந்தக் கட்டளையும் வந்தது. அதற்கு முன் இதைச் சரிசெய்யப் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூடவே செய்யும் 'நெட்ஷ் இன்ட் ஐ.பி. ரீசெட்' (netsh int ip reset) கட்டளை, கையால் போட்ட நிலையான ஐ.பி. முகவரியையும் அழித்துவிடும். அலுவலகக் கணினி என்றால் அந்த எண்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டளை தட்டத் தயங்குகிறவர்களுக்கு நெட்வொர்க் ரீசெட் இருக்கிறது. விண்டோஸ் 10இல் 2016இல் வந்தது, 11இலும் உண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் நெட்வொர்க் அடாப்டர்களை எடுத்துவிட்டு மறுபடி போட்டு, அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். வி.பி.என். இருந்தால் அதை மறுபடி போட வேண்டியிருக்கலாம். வைஃபை பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஹோஸ்ட்ஸ் ஃபைலை அது தொடுவதில்லை. அதனால் கையால் பார்த்த பிறகு அடுத்த படியாக இதைச் செய்யுங்கள்.

சிஸ்டம் ரீஸ்டோரை நான் அதிகம் நம்புவதில்லை. கோளாறு வந்ததற்கு முந்தைய தேதிக்கு ரெஜிஸ்ட்ரியையும் (விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடு) சிஸ்டம் ஃபைல்களையும் திருப்பும்; உங்கள் ஆவணங்களைத் தொடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல கணினிகளில் அது ஆன் ஆகியிருப்பதே இல்லை. ஆன் ஆகியிருந்தாலும் அந்த மீட்புப் புள்ளிகளை அழித்துவிடும் மால்வேர்கள் உண்டு. மால்வேர் ஏறிய நாள் தெரியாமல் பின்னால் போனால் அதையும் சேர்த்து மீட்டுவிடும் ஆபத்து வேறு.

சிஸ்டம் ஃபைலே கெட்டுப்போனால் கதை மாறுகிறது. ஜீரோஆக்சஸ் என்ற மால்வேர் விண்டோஸின் டிரைவர் (சாதனங்களை இயக்கும் சிறு நிரல்) ஃபைலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். ஃபயர்வால் சர்வீஸ்களையும் நீக்கிவிடும். ஆன்டிவைரஸ் அந்த டிரைவரை அழித்தால் நெட்டும் சேர்ந்து போய்விடலாம். இந்த நிலைக்கு எத்தனை முறை வின்சாக் ரீசெட் செய்தாலும் பலன் இல்லை. விண்டோஸைப் பழுதுபார்க்கும் டிஸ்ம் (DISM) கட்டளையால் சரிசெய்யலாம் என்று பலரும் சொல்வார்கள். நல்ல ஃபைல்களை அது வழக்கமாக விண்டோஸ் அப்டேட்டிலிருந்துதான் எடுக்கும், நமக்கோ நெட்டே இல்லை.

இங்கே நான் சிபாரிசு செய்வது ரிப்பேர் இன்ஸ்டால். சர்வீஸ் கடைகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். வேறொரு கணினியில் 8 ஜி.பி. பென்டிரைவில் விண்டோஸ் செட்டப்பைத் தயார் செய்து, பழுதான கணினியில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த செட்டப்பைத் திறக்க வேண்டும். ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் மட்டும் புதிதாக உட்காரும். எழுத்துருவும் டேலியும் பிரின்டரும் அப்படியே இருக்கும். விண்டோஸே பூட் ஆகவில்லை என்றால் இது நடக்காது. உங்கள் அமைப்புகளையும் அது காப்பாற்றும் என்பதால் கெட்ட ப்ராக்ஸியும் அப்படியே நிற்கும். ஆகவே முதல் வழியைத் தாண்டிவந்தே இதற்கு வர வேண்டும்.

சரி, ஃபார்மட் எப்போது? கணினியை இனி நம்ப முடியாது என்றால். ரூட்கிட் (விண்டோஸுக்கு அடியில் மறைந்துகொள்ளும் மால்வேர்), பாஸ்வேர்டு திருடும் மால்வேர், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பது), அல்லது நீக்க நீக்கத் திரும்ப வருவது: இவற்றில் எது இருந்தாலும் தயங்க வேண்டாம். அதில் நெட் பேங்கிங் செய்கிறீர்கள் என்றால் நானே ஃபார்மட் அடிக்கத்தான் சொல்வேன். திருடுபோன பாஸ்வேர்டு ஃபார்மட்டால் திரும்பி வராது. வேறொரு சுத்தமான கருவியிலிருந்து முதலில் அதை மாற்றுங்கள்.

டி டிரைவில் இருப்பதெல்லாம் பத்திரம், சி மட்டும்தான் போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கின்றன. டேலி கணக்கும் எங்கே சேமிக்கப்படுகிறது என்று பார்த்து எடுத்து வையுங்கள். எடுத்து வைக்கும்போது ஆவணம், படம் மட்டும் போதும். இயங்கும் ஃபைல் எதையும் கூடவே கொண்டுவராதீர்கள்.

கடையில் கொடுப்பதானால் கிராக் போட்ட விண்டோஸ் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் அதன் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருக்கும். அதே எடிஷனைப் போட்டால் நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். கிராக் கருவிகளோடு மால்வேர் வருவது சாதாரணம். ஒன்றைத் துரத்த ஃபார்மட் அடித்து, இன்னொன்றைக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டுமா?

ஃபார்மட் முடிந்து ஆன் செய்தால் மறுபடி நெட் இல்லாமல் போகலாம். பதறாதீர்கள், வைஃபை டிரைவர் ஏறியிருக்காது. ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி டெதரிங்கை ஆன் செய்தால் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே நெட் கிடைக்கும். அதை வைத்து லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.