தரையில் பாத்தியா, குரோ பேக்கா?

சென்னைப் புறநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 10-க்கு 12 அடி மண்தரை இருக்கிறது. காய்கறி போட நினைத்தபோது, அதில் பாத்தி கட்டுவதா, குரோ பேக் எனும் செடி வளர்க்கும் பையை வாங்குவதா என்று யோசித்தேன். "மண்ணு சும்மா கிடக்கும்போது பையை எதுக்குக் காசு குடுத்து வாங்குறே?" என்று அம்மா கேட்டார். நியாயம்தான். ஆனால் மண்வெட்டி இரண்டாவது வெட்டிலேயே 'ணங்' என்றது. வீடு கட்டியபோது கொட்டி மூடிய செங்கல் துண்டும் ஜல்லியும். ஒன்றரை அடி தோண்டி, சலித்து, தொழுவுரம் கலந்து அதை மண்ணாக்கவே ஒரு மாதம் ஆனது.

குரோ பேக்கில் அந்தத் தொல்லை இல்லை. செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பினால் அன்றைக்கே விதைக்கலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுவது நல்லது. ஆனால் செலவு அதோடு நிற்காது. வெயிலில் பை நைந்து கிழியும், கலவையும் மட்கி அமுங்கும், திரும்ப உரம் வாங்க வேண்டும். தரையில் சமையலறைக் கழிவை மட்கவைத்துப் போட்டாலே வருடா வருடம் மண் தேறுகிறது.

கோடையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மே மாதம் பைக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியாக வேண்டும். மூடாக்குப் போட்ட, அதாவது காய்ந்த இலைதழை பரப்பி மூடிய பாத்தி இரண்டு நாள் தாங்கும். நாங்கள் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் வெளியூர் போய்விட்டு வந்தபோது பையில் இருந்த மிளகாய் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. தரையில் கத்தரி இலை தொங்கியதோடு சரி, மறுநாளே நிமிர்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை தலைகீழ். பாத்தியில் தண்ணீர் கட்டி தக்காளி வேர் அழுகும், பை ஓட்டை வழியாக வடிந்துவிடும். பாத்தியை அரை அடி மேடாக்கிய பிறகுதான் எனக்குச் சமாளிக்க முடிந்தது.

பையை வெயில் பார்த்து நகர்த்தலாம் என்பார்கள். 12 அங்குலப் பை நனைந்தால் 15 கிலோவுக்குக் குறையாது. சொல்பவர்கள் ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டும்.

எதை எதில் போடுவது என்பதுதான் முக்கியம். புடலை, பீர்க்கனுக்குத் தரைதான். பையில் போட்டேன், நாலு காய் காய்த்து ஓய்ந்துவிட்டது. வெண்டையும் பையில் வளரும், ஆனால் நாலு செடியில் ஒரு நாளைக்கு நாலு பிஞ்சு கிடைத்தால் குழம்பு எப்படி வைப்பது? பத்துப் பதினைந்து செடியாவது வேண்டும், அத்தனைக்கும் பை வாங்கினால் கட்டுப்படியாகாது. மிளகாய், புதினா, கீரைக்குப் பை போதும்.

தக்காளியில் மட்டும் நான் பை பக்கம். பாத்தியில் வாடிய செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க மிளகு கோத்ததுபோல முடிச்சு. நூற்புழு, வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. அதைக் கட்டுப்படுத்த அந்த இடத்தில் இப்போது செண்டுமல்லி போட்டு, வேப்பம்புண்ணாக்கும் கலந்திருக்கிறேன். கத்தரியும் வெண்டையும்கூட நூற்புழுவுக்குத் தப்பாது. பையில் வந்தால் அந்தப் பையோடு போகும், பாத்தி மண்ணை அள்ளிப் பையில் போடாதவரை.

அப்புறம் பெருச்சாளி. பாத்தியில் முள்ளங்கியைத் தோண்டித் தின்றதால் பைக்கு மாற்றினேன். ஒரே ராத்திரியில் பையின் அடியைக் குதறிவிட்டது. அதற்குத் தரையும் பையும் ஒன்றுதான்.