என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காத டயட் கோச்சுக்குப் பணம் அனுப்பாதீர்கள்

உங்கள் வீட்டில் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது, இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து லோ கார்ப் (சோறு, இட்லி மாதிரி மாவுச்சத்தைக் குறைக்கிற) டயட் பேக்கேஜில் சேரப் போகிறாரா? பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படிக்கச் சொல்லுங்கள். என் அண்ணனுக்கு நடந்ததை எழுதுகிறேன். பெயர் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, இதே விளம்பரத்தை வார்த்தை மாறாமல் போடுகிற ஆட்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்களெல்லாம் பரவாயில்லை என்று ஆகிவிடும்.

அண்ணன் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். வயது 49, எடை 94 கிலோ. ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, ராத்திரிக்குத் தனி மெட்ஃபார்மின், பிரஷருக்கு டெல்மிசார்டன். எடையைக் குறைக்கச் சொன்னது அவருடைய டாக்டர்தான். விளம்பரத்தில் ‘30 நாளில் 10 கிலோ, மாத்திரைக்கு டாட்டா’ என்று இருந்ததைப் பார்த்து 6,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தார்.

சேரும்போது வாட்ஸ்அப்பில் கேட்ட விவரங்கள்: வயது, உயரம், எடை, சைவமா அசைவமா, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அண்ணனே தெளிவாக எழுதியிருக்கிறார். அதற்கு வந்த பதில், “சூப்பர்ணா, உங்களுக்குத்தான் இது நல்லா வேலை செய்யும்.” என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) எவ்வளவு, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது) எவ்வளவு என்று ஒரு கேள்வி கிடையாது. மறுநாள் ஒரு பிடிஎஃப் வந்தது. காலையில் பட்டர் டீ, மதியம் பனீரும் காலிஃப்ளவர் சாதமும், ராத்திரி முட்டை. அதே குழுவில் இருந்த, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற ஒரு பெண்ணுக்கும் இதே பிடிஎஃப்தான் போயிருக்கிறது. மேலே பெயர் மட்டும் வேறு.

முதல் வாரத்தில் நாலு கிலோ குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த நாலு கிலோவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சர்க்கரை சேமிப்பில் இருக்கும். ஏறத்தாழ 400, 500 கிராம். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறும் இட்லியும் நிறுத்தினால் முதலில் செலவாவது அந்தச் சேமிப்பு. தண்ணீரும் உப்பும் சிறுநீரில் போய்விடும். முதல் வாரம் தராசில் குறைவதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான், கொழுப்பு அல்ல. திரும்ப இட்லி சாப்பிட்டால் தண்ணீரும் திரும்பிவரும். இது கோச்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ, அந்த எடையைக் காட்டித்தான் அடுத்த வசூல் நடந்தது. ‘இன்னைக்குள்ள கட்டினா மூணு மாசத்துக்கு 15,000 மட்டும்’ என்றார்கள். கூடவே அவர்களே விற்கிற கீட்டோ மாவு, அதாவது மாவுச்சத்து மிகக் குறைவு என்று சொல்லி விற்கிற மாவு, கிலோ 700 ரூபாய். அண்ணன் இரண்டுக்கும் கட்டினார்.

இரண்டாவது வாரம். பட்டறையில் காலை பதினொரு மணி வாக்கில் அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டியிருக்கிறது. ஓடுகிற லேத் முன்னால் நிற்கிற மனிதர். கூட வேலை செய்கிற பையன் பார்த்து மெஷினை அணைத்து உட்கார வைத்திருக்கிறான். அண்ணன் கோச்சுக்கு மெசேஜ் போட்டார். மாவுச்சத்தை நிறுத்திய முதல் நாட்களில் வருகிற தலைவலி, அசதிக்குக் கீட்டோ ஃப்ளூ என்று பெயர். அதைச் சொல்லி உடனே பதில் வந்தது. “இது கீட்டோ ஃப்ளூதாண்ணா, பாடி அடாப்ட் ஆகுது. லெமன் ஜூஸ்ல உப்புப் போட்டுக் குடிங்க. சர்க்கரை மட்டும் சேர்த்துடாதீங்க, எல்லாம் வேஸ்ட் ஆயிடும்.”

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அண்ணி குளுக்கோமீட்டரோடு ஓடிவந்து பார்த்தபோது ரீடிங் 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அண்ணி மெசேஜையெல்லாம் பார்க்கவில்லை. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார், கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தார், ஏறியிருந்தது, நேராக டாக்டரிடம் கூட்டிப்போனார். கோச் சொன்னபடி உப்புத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மறுபடி மெஷினைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

டாக்டர் விளக்கினது இது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் அதே வகை. நீங்கள் ஆறு இட்லி சாப்பிட்டீர்களா, பட்டர் டீ மட்டும் குடித்தீர்களா என்று அது பார்க்காது. ஆறு இட்லிக்கு எழுதிய மாத்திரை, இட்லி இல்லாத வயிற்றில் அதே வேலையைச் செய்யும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அண்ணனுக்கு கிளிமிபிரைடை அன்றைக்கே நிறுத்தினார். பிரஷர் 100/60-க்கு இறங்கியிருந்தது, உப்பும் தண்ணீரும் வெளியே போனதால்தான். டெல்மிசார்டனைப் பாதியாக்கினார். இதையெல்லாம் டயட் தொடங்குகிற அன்றே, டாக்டர் பார்த்துச் செய்திருக்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது இன்னொரு பக்கத்து ஆபத்து.

அப்புறம் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: டாபாகிளிஃப்ளோசினோ எம்பாகிளிஃப்ளோசினோ சாப்பிடுகிறீர்களா? இல்லை என்றதும் நல்லவேளை என்றார். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மாத்திரைகள் இவை. 2020-இல் காப்புரிமை முடிந்து டாபாகிளிஃப்ளோசின் விலை இறங்கிய பிறகு நம் ஊரில் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். இதைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தம் அமிலமாகிற கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2015-லேயே இந்த மாத்திரைகளுக்குக் கீட்டோஅசிடோசிஸ் எச்சரிக்கை கொடுத்துவிட்டது. கொடுமை என்னவென்றால், அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே இருக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் ரீடிங்கைப் பார்த்து ஏமாறாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்கும் கீட்டோ ஃப்ளூ என்று பெயர் வைத்து எலுமிச்சை ஜூஸ் குடிக்கச் சொல்கிற கோச் கிடைத்தால் உயிர் போய்விடும்.

மாவின் கதை அதற்குப் பிறகு வெளியே வந்தது. காசு கொடுத்து வாங்கியது வீணாக வேண்டாம் என்று அண்ணன் ராத்திரியில் மூன்று சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிளிமிபிரைடு நின்றதும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 214 காட்டியது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் பாதாம் படம், ‘ஒரு சர்விங்குக்கு 5 கிராம் நெட் கார்ப் மட்டும்’ என்று பெரிய எழுத்து. நெட் கார்ப் என்றால் நார்ச்சத்தைக் கழித்த மாவுச்சத்து. சர்விங் என்பது 10 கிராம் என்று பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பத்துக் கிராம் மாவில் யார் சப்பாத்தி சுடுவார்கள்? ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் போகும். மூன்றுக்கு 45 கிராம் மாவுச்சத்து. சாதாரணக் கோதுமை மாவில் சுட்டிருந்தாலும் பத்துக் கிராம்தான் கூடியிருக்கும். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. அதில் முதலில் கோதுமை மாவு, கடைசியில் பாதாம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் எண் இருக்கிறதே என்று அண்ணன் கேட்டார். அந்த 14 இலக்கம் உரிமம் இருப்பதைத்தான் சொல்லும். முன்பக்க விளம்பரம் உண்மை என்று அதற்கு அர்த்தம் இல்லை. எந்த மாவு வாங்கினாலும் 100 கிராமுக்கு எவ்வளவு என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “நீங்க பிளானைச் சரியா ஃபாலோ பண்ணல” என்றார்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். சில வார ஆன்லைன் வகுப்பின் சான்றிதழ் ஒன்று வந்தது. அடுத்த கேள்விக்கு முன்னால் அண்ணனைக் குழுவிலிருந்து நீக்கி, எங்கள் எண்களை பிளாக் செய்துவிட்டார்கள்.

மாவுச்சத்தைக் குறைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அண்ணன் இப்போதும் குறைத்துத்தான் சாப்பிடுகிறார். இரண்டு இட்லி, நிறையக் காய், முட்டை, மீன். டயட்டீஷியன் படித்த ஒருவர் பார்த்துக்கொள்கிறார், டாக்டர் மாத்திரையைப் பார்த்துக்கொள்கிறார். எடை மெதுவாக இறங்குகிறது. தமிழில் பேலியோ என்கிற, மாவுச்சத்தைக் குறைக்கிற டயட் பரவிய காலத்தில், ரத்தப் பரிசோதனை முடிவு அனுப்பாமல் டயட் சார்ட் தர மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்தவர்கள் உண்டு, அதுவும் இலவசமாக. காசு வாங்குகிறவர்களுக்கு அந்தப் பொறுப்புகூட இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். அவர்கள் வேறு ஊராக இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. நீங்களும் இப்படி ஏமாந்திருந்தால், சண்டை போடுவதற்கு முன்பே வாட்ஸ்அப் உரையாடலை முழுதாகச் சேமித்துவிடுங்கள். குழுவின் பழைய மெசேஜ்கள், பணம் போன ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேண்டும். மாவு மிச்சமிருந்தால் பாக்கெட்டோடு எடுத்து வையுங்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.