பேட்ஜர் முடி ஷேவிங் பிரஷ்: ‘பியூர்’ என்றால் உயர்ந்த ரகம் இல்லை

பெட்டியில் ‘பியூர் பேட்ஜர்’ என்று போட்டிருந்தால் உசத்தியான சரக்கு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்யும் இந்தப் பிரஷ்களில் இருப்பதிலேயே விலை குறைந்த ரகத்துக்குத்தான் அந்தப் பெயர். அதற்கு மேல் பெஸ்ட், பிறகு சூப்பர், உச்சியில் சில்வர்டிப். இவற்றுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இங்கிலாந்தின் சிம்ப்சன் ‘சூப்பர்’ என்று விற்பதை மற்றவர்கள் சில்வர்டிப் என்பார்கள். ஜெர்மனியின் மூலே தரும் ‘சில்வர்டிப் ஃபைபர்’ முடியே இல்லை, செயற்கை இழை. அதனால் பெயரை விட்டுவிட்டு முடியைப் பாருங்கள்.

பியூர் கருஞ்சாம்பல் நிறம், தண்டு தடிமன், முனை கொஞ்சம் குத்தும். அந்த விறைப்புதான் கட்டி சோப்பில் தேய்க்க உதவும். மலிவான பிரஷ்களில் வடிவம் வருவதற்காக முனையைக் கத்தரித்து விடுகிறார்கள். வெட்டுப்பட்ட முனை கன்னத்தைக் கீறும். நல்ல தயாரிப்பில் முனையைத் தொடாமல், முடியை அச்சுக் கிண்ணத்தில் தலைகீழாகப் போட்டுத் தட்டி வடிவம் கொண்டுவருவார்கள்.

பெஸ்ட்டில் முடி மெல்லியது, முனை வெளிர், நடுவில் கறுப்புப் பட்டை. மென்மையும் விறைப்பும் சரிபாதி என்பதால் கொடுக்கிற காசுக்கு நியாயம் செய்வது இதுதான். சில்வர்டிப்பின் வெள்ளை முனை விரிந்து நிற்கும். தண்ணீரை நிறையப் பிடிக்கும், கன்னத்தில் பஞ்சு மாதிரி இருக்கும். கட்டி சோப்பில் வைத்தால் மடங்கிவிடும். டியூப் கிரீம் போடுபவர்களுக்கு மட்டுமே அந்த விலை தகும். மென்மையும் வேண்டும், விறைப்பும் வேண்டும் என்றால் ‘டூ பேண்ட்’ கேளுங்கள்: அடி கறுப்பு, மேல் வெள்ளை, தண்டு தடிமன்.

சாதா முடியை பிளீச் செய்து சில்வர்டிப் என்று தள்ளுவதும் உண்டு. இயற்கை முடியில் கறுப்பும் வெள்ளையும் மெல்லக் கலக்கும், முடிக்கு முடி சற்று மாறும். பிளீச் செய்ததில் வெள்ளை ஒரே மட்டமாக இருக்கும், முனை வறண்டு முறியும். இழையா முடியா என்று சந்தேகம் வந்தால், உதிர்ந்த ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். முடி தீய்ந்த நாற்றத்தோடு பொடியாகும். பிளாஸ்டிக் உருகி முத்தாக உறையும்.

அடிக்கட்டின் விட்டம் 22 முதல் 24 மி.மீ., கைப்பிடிக்கு மேல் முடியின் உயரம் 50 மி.மீ. பக்கம் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். அதே விட்டத்தில் உயரம் கூடினால் பிரஷ் தொளதொளக்கும், அது எந்த ரகமானாலும் சரி.

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் நனைத்து, இரண்டு முறை உதறி, பாதாம் பருப்பளவு கிரீம் எடுங்கள். முகத்தில் சுவருக்கு வெள்ளையடிப்பது போல மேலும் கீழும் ஓட்டுங்கள். அழுத்திச் சுழற்றினால் நடுமுடி முறிந்து, நாளடைவில் வடை மாதிரி ஓட்டை விழும். கொதிநீர் பட்டால் அடியில் உள்ள பசை இளகி முடி கொத்தாக வரும். புதுப் பிரஷில் முதல் சில வாரம் நாலைந்து முடி உதிர்வது சகஜம். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். தொடக்கத்தில் வரும் மிருக வாடைக்கு, நுரை எழுப்பி ஓர் இரவு அப்படியே விட்டு மறுநாள் அலசினால் போதும். இரண்டு மூன்று முறையில் போய்விடும். போர் தண்ணீர் வீடுகளில் உப்பும் சோப்பும் படிந்து முடி விறைக்கும். மாதம் ஒருமுறை, பத்துப் பங்கு வெந்நீருக்கு ஒரு பங்கு வினிகர் கலந்து ஐந்து நிமிடம் ஊறவைக்கலாம். கை பொறுக்கும் சூடு தாண்டக் கூடாது.

பிரிட்டனில் 1992 சட்டப்படி பேட்ஜர் பாதுகாக்கப்பட்ட விலங்கு. சந்தைக்கு வரும் முடி பெரும்பாலும் சீனாவினுடையது. அங்குள்ள பண்ணைகளின் கொடுமையை 2018இல் பீட்டா ஆசியா வெளியிட்டது. அது உறுத்தினால் செயற்கை இழைக்குப் போங்கள். ஊறவைக்கத் தேவையில்லை, சீக்கிரம் காயும், வாடையும் கிடையாது.