பேக்குலாவில் டேப் வரிசை: ஒரே பூலா, கிழமைக்கு ஒரு பூலா?

பல டேப்புகளை ஸ்லாட் எனும் அறைகளில் அடுக்கி வைக்கும் கருவியான டேப் நூலகத்தை, காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருளான பேக்குலா (Bacula) கொண்டு இயக்குவோர் அடுத்து எந்த டேப் ஏற வேண்டும் என்பதை இரு வழிகளில் தீர்மானிக்கிறார்கள்.

முதல் வழியில் எல்லா டேப்புகளும் ஒரே பூலில், அதாவது ஒரே டேப் தொகுப்பில், இருக்கும். ஸ்லாட் எண்ணைப் பார்த்து வரிசையாக எடுக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் மென்பொருள் பார்ப்பது டேப்புகளின் விவரங்களைப் பதிந்து வைக்கும் தரவுத்தளமான கேட்டலாகைத்தான். இன்னும் எழுத இடமுள்ள டேப்பை முதலில் தேடி, அது கிடைக்காதபோதுதான் பாதுகாப்புக் காலம் (பதிந்ததை அழிக்காமல் வைத்திருக்க வேண்டிய காலம்) முடிந்த பழைய டேப்பை மறுசுழற்சிக்கு எடுக்கிறது. இதனால் 12 டெராபைட் கொள்ளும் எல்டிஓ-8 டேப் ஒன்று நிறையும்வரை பல நாட்கள் டிரைவிலேயே கிடக்கும். இரவு எழுதியதைக் காலையில் வெளியிடத்துக்கு அனுப்ப வேண்டுமானால், வால்யூம் பயன்பாட்டுக் காலத்தை (ஒரு டேப்பில் தொடர்ந்து எழுத அனுமதிக்கும் நேரத்தை) 23 மணி நேரமாக வைத்தால் போதும். மறுநாள் வேறு டேப் ஏறும்.

இரண்டாவது வழியில் திங்கள், செவ்வாய் எனக் கிழமைக்கு ஒரு பூல் அமைத்து, எந்த நாளில் எந்தப் பூல் என்பதை அட்டவணையில் எழுதிவிடலாம். எந்த டேப்பில் என்ன இருக்கிறது என்பது பார்கோடைப் பார்த்தாலே விளங்கும். ஆனால் புதன்கிழமை டேப் நிறைந்துவிட்டால், பக்கத்து ஸ்லாட்டில் வியாழனின் டேப் காலியாக இருந்தாலும் காப்புப் பிரதி வேலை, ஆள் வந்து கவனிக்கும்வரை காத்து நிற்கும். எந்தப் பூலும் தேவைப்படும்போது டேப் எடுத்துக்கொள்ளும் பொதுவான ஸ்கிராட்ச் பூல் ஒன்று இருந்தால்தான் இந்தத் தொல்லை தீரும்.

ரோபோ கை உள்ள நூலகத்துக்கு முதல் வழியே ஏற்றது. தனிப் பூல் வெளியே போகும் டேப்புகளுக்கு மட்டும் போதும். எந்த வழியானாலும், பாதுகாப்புக் காலத்தையே மதிக்காமல் மிகப் பழைய டேப்பை அழிக்கும் பேக்குலா தெரிவை (setting) இயக்காமல் விடுவதே நல்லது.