ரவுட்டர்ல ரெண்டாவது கார்டு: ஆர்பிஆர், எஸ்எஸ்ஓ, என்எஸ்ஆர் எது எங்க ஒத்துவரும்?

ரவுட்டரோட மூளையான கன்ட்ரோல் கார்டு ரெண்டு இருக்கற ரவுட்டர் எறக்கிட்டோம், இனி பயமில்லைன்னு திருப்பூர், ஈரோடு பக்கம் பிராட்பேண்ட் நடத்தறவங்க சொல்லுவாங்க. சரிங்க, மொதக் கார்டு படுத்துச்சுன்னா அந்த நிமிஷத்துல ரெண்டாவதுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கும்னு கேட்டா பாதிப்பேரு முழிப்பாங்க. அதை வெச்சுத்தான் இந்த மோடுகளைப் பிரிச்சுப் பாக்கணும்.

பழைய ஆர்பிஆர் (ரூட் ப்ராசஸர் ரிடண்டன்ஸி) பத்தி ரொம்பப் பேச வேண்டியதில்ல. கெணத்து மோட்டார் பொகைஞ்சதுக்கப்பறம் சாளையில கெடக்கற ஸ்பேர் மோட்டாரத் தூக்கியாந்து மாட்டற கதைதானுங்க. ஸ்டாண்ட்பை, அதாவது காத்துட்டிருக்கற ரெண்டாவது கார்டு, பாதி பூட் ஆகி நிக்கும், மாறும்போது கேபிள் மாட்டற போர்ட் இருக்கற லைன் கார்டெல்லாம் மறுக்கா ஏறி வரணும், சிஸ்கோ 6500-ல 2லருந்து 4 நிமிஷம் போயிரும். ஆர்பிஆர் பிளஸ்ல முழுசா பூட் ஆகி கான்பிக்கையும் கையில வெச்சிருக்கும், லைன் கார்டு விழாது, 30-60 செகண்ட்.

எஸ்எஸ்ஓ (ஸ்டேட்ஃபுல் ஸ்விட்ச்ஓவர்) வந்தா இன்டர்ஃபேஸ் நெலமை, லேயர் 2 (மேக் அட்ரஸ் அளவு) டேபிள் எல்லாம் அப்பப்ப காப்பி ஆகிட்டே இருக்கும், லேயர் 2 அளவுல அதே பாக்ஸ்ல 0-3 செகண்ட்தான். ஆனா ரவுட்டருங்க ஒண்ணுக்கொண்ணு ரூட் சொல்லிக்கற பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் செஷன் காப்பி ஆகாதுங்க, அதனால பக்கத்து ரவுட்டர் நம்ம செத்துட்டோம்னு நெனச்சு ரூட்டையெல்லாம் தூக்கிருவான், அப்பறம் கார்டு 3 செகண்ட்ல எந்திரிச்சு என்ன பிரயோஜனம்?

இங்கதான் நெஜமான போட்டி, கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டா, என்எஸ்ஆர்ங்கற நான்ஸ்டாப் ரூட்டிங்கான்னு. மொதலாவதுல நாம எந்திரிக்கறவரைக்கும் பழைய ரூட்ட வெச்சிருன்னு பக்கத்து ரவுட்டர்கிட்ட முன்னாடியே பேசி வெக்கறோம், ஓஎஸ்பிஎஃப்புக்கு 2003-லயே ஆர்எஃப்சி 3623ங்கற இன்டர்நெட் வரைமுறை வந்துருச்சு, பிஜிபிக்கு 2007-ல 4724. அந்தப் பக்கமும் ஒத்துக்கணும், அதான் சிக்கலே. லிங்க் செத்துச்சான்னு சட்டுனு கண்டுபிடிக்கற பிஎஃப்டி டைமர ரொம்ப டைட்டா வெச்சிருந்தீங்கன்னா அதுவே செஷன அறுத்து உட்டுரும். என்எஸ்ஆர்ல செஷனே ரெண்டாவது கார்டுல உயிரோட இருக்கும், பக்கத்துக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. மெமரியும் சிபியூவும் நல்லாத் திங்கும், பாழாப்போன ஒரு அப்டேட் மொதக் கார்டக் கொன்னா அதே ஸ்டேட்டோட ரெண்டாவதும் சாகலாம்.

என்னைக் கேட்டா, ரெண்டு பக்கமும் நம்ம ரவுட்டர்னா கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் தாராளமாப் போதும். நமக்கு இன்டர்நெட் தர்ற அப்ஸ்ட்ரீம்காரன் பாக்ஸ்ல நம்ம கை போகாத எடத்துல என்எஸ்ஆர்தானுங்க. ஜூனிப்பர்ல ரெண்டையும் சேத்துப் போட முடியாது, ஒண்ணுதான். என்எஸ்ஆர் போட்டா ரெண்டு கார்டுலயும் ஒரே கான்பிக்க ஏத்தற கமிட் சிங்க்ரனைஸும் கட்டாயம்.

எதப் போட்டாலும் சரி, ரெண்டு கார்டுலயும் ஒரே வெர்ஷன் இருக்கான்னு பாருங்க. சிஸ்கோ கான்பிக்ல எஸ்எஸ்ஓன்னு ஜம்முன்னு எழுதியிருக்கும், ஷோ ரிடண்டன்ஸி ஸ்டேட்ஸ் அடிச்சா ஸ்டாண்ட்பை ஹாட்டுக்குப் பதிலா ஸ்டாண்ட்பை கோல்டுன்னு வரும், ஏன்னா வெர்ஷன் பொருந்தாம கம்முனு ஆர்பிஆருக்கு எறங்கியிருக்கும். பொழுதோட ஊரே வீடியோ பாக்கற நேரத்துல சோதிக்காதீங்க, ராத்திரி 2 மணிக்கு மேல ரெண்டு கார்டுலயும் கன்சோல் கேபிள் மாட்டிட்டு நீங்களே ஒருக்கா மாத்திப் பாருங்க.